எப்சிலான் சுருங்கினாலும் சாய்வு ஏன் எகிறுவதில்லை: முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் என் டியூஷன் மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பிள்ளைகள். செமஸ்டர் விடுமுறை விட்டால் வேறொரு கூட்டமும் வரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இப்போது பினாங்கிலும் தஞ்சோங் மாலிமிலும் கணிதத்தில் முதுகலை படிக்கிறவர்கள். அவர்களில் ஒரு தம்பி கேட்டதுதான் இந்த வழிகாட்டிக்குக் காரணம்.

“அக்கா, எப்சிலான் சின்னதாக ஆக ஆக இரண்டாம் வகைக்கெழு எகிறிக்கிட்டே போகுது. அப்புறம் முதல் வகைக்கெழு மட்டும் எப்படி அடங்கி இருக்கும்?”

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவன் கையில் இருந்தது ஒரு சுடரின் சமன்பாடு. அதில் எப்சிலான் என்ற சிறிய எண், எரியும் தோல் எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிக்கிறது. தீர்வின் முதல் வகைக்கெழுவின் அளவைத்தான் சாய்வு என்கிறேன். ஆய்வுக் கட்டுரைகள் இதற்கு இரண்டே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்: அளவை மாற்று, ஹார்னாக் சமனின்மையைப் போடு. (எதிர்மதிப்பு ஆகாத ஹார்மோனிக் சார்பு அக்கம்பக்கத்துப் புள்ளிகளில் வெகுவாக மாறிவிட முடியாது என்பதுதான் அந்தச் சமனின்மை.) அந்த இரண்டு வரியையும் எண் வைத்துப் பிரித்துக் காட்டப் போகிறேன். ஹார்மோனிக் சார்பு என்றால் என்ன, உச்சக் கொள்கை என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும். சமன்பாடுகளை இங்கே சொல்லாலேயே எழுதுகிறேன். நீங்கள் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, வழக்கமான குறிகளில் எழுதியபடியே படியுங்கள்.

சமன்பாடு எங்கிருந்து வருகிறது

வீட்டு கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் பர்னர் துளைகளுக்கு மேல் சின்னச் சின்ன நீலக் கூம்புகள் நிற்கும். கூம்புக்கு உள்ளே இருப்பது எரியாத வாயு, வெளியே இருப்பது எரிந்து முடிந்த வாயு. எரிதல் நடப்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோலில்தான். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தக் கணக்கை 1938-இல் செல்டோவிச், ஃபிராங்க்-காமெனெட்ஸ்கி என்ற இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

எரிந்து முடிந்த வாயுவின் வெப்பநிலையிலிருந்து ஓர் இடத்தின் வெப்பநிலையைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தை உ என்போம். எரிந்த பக்கம் உ பூச்சியத்தை ஒட்டி இருக்கும், எரியாத பக்கம் பெரிதாக இருக்கும். வேதிவினை சூடான இடத்தில் மட்டுமே நடப்பதால், உ-வின் மதிப்பு 0-க்கும் எப்சிலானுக்கும் இடையில் இருக்கும்போதுதான் சமன்பாட்டின் வலப்பக்கம் உயிர் பெறுகிறது:

லாப்லாசியன்(உ) = (1/எப்சிலான்) × பீட்டா(உ/எப்சிலான்)

பீட்டா என்பது 0 முதல் 1 வரை மட்டும் நேர்மதிப்புள்ள, மற்ற இடங்களில் பூச்சியமான சார்பு. அதன் வளைவுக்குக் கீழுள்ள பரப்பை ம என்போம். எப்சிலான் குறையும்போது வலப்பக்கம் ஒல்லியாகிக்கொண்டே உயர்கிறது, ஆனால் பரப்பு ம மாறுவதில்லை. வாயு ஓடுவதால் உண்மையான சுடரில் முதல் வகைக்கெழு உறுப்பு ஒன்றும் சேரும். கீழே வரும் அளவுமாற்றத்தில் அது எப்சிலானால் பெருக்கப்பட்டுக் கரைந்துவிடும் என்பதால் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

நாம் நிரூபிக்கப் போவது இது: ஆரம் 1 உள்ள பந்தில் உ-வின் மதிப்பு 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால், ஆரம் 1/2 உள்ள பந்துக்குள் சாய்வு ஒரு நிலையான எண்ணைத் தாண்டாது. அந்த எண்ணில் எப்சிலான் இருக்காது. எலிப்டிக் (லாப்லாசியன் வகைச்) சமன்பாடுகளுக்கு இதை 1990-இல் பெரெஸ்டிக்கி, கஃபரெல்லி, நிரென்பெர்க் மூவரும் நிறுவினார்கள்.

முதலில் எந்த இனம் என்று பாருங்கள்

எப்சிலான் இருக்கும் சமன்பாடு எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஆலன்–கான் சமன்பாட்டை எடுங்கள்: எப்சிலானின் வர்க்கம் × லாப்லாசியன்(உ) = உ-வின் கனம் − உ. ஒரு பரிமாணத்தில் இதன் தீர்வு ஹைப்பர்பாலிக் டான்ஜென்ட். அதன் உச்சச் சாய்வு 1/(√2 × எப்சிலான்). எப்சிலான் குறைந்தால் சாய்வே எகிறிவிடும், நாம் தேடும் வரம்பு அங்கே கிடையாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. நீளத்தையும் உ-வையும் ஒரே எப்சிலானால் வகுத்துப் பாருங்கள். சமன்பாட்டிலிருந்து எப்சிலான் மறைந்துவிட்டால் சாய்வு அடங்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் இரண்டையும் ஒரே எண்ணால் வகுத்தால் சாய்வு மாறாது. ஆலன்–கானில் எப்சிலான் மறைய நீளத்தை மட்டும்தான் வகுக்க வேண்டியிருக்கிறது. கணக்கில் இறங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஒரு பரிமாணத்தில் கையால் போடுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தம்பியின் கேள்விக்கு விடை பாதி இங்கேயே இருக்கிறது.

பீட்டா(ச) = 6ச(1−ச) என்று வையுங்கள். பரப்பு ம = 1, உச்சம் ச = 1/2 என்ற இடத்தில் 1.5. பூச்சியத்திலிருந்து ச வரையுள்ள பரப்பு 3ச² − 2ச³.

ஒரு பரிமாணத்தில் சமன்பாட்டின் இரு பக்கத்தையும் உ-வின் முதல் வகைக்கெழுவால் பெருக்கித் தொகையிடுங்கள். ஒரு பக்கம் உ தேய்ந்து பூச்சியத்தை நெருங்கும் தீர்வுக்குக் கிடைப்பது:

(சாய்வின் வர்க்கம்)/2 = பூச்சியத்திலிருந்து உ/எப்சிலான் வரை பீட்டாவின் பரப்பு

வலப்பக்கம் எக்காலத்திலும் 1-ஐத் தாண்டாது, ஏனென்றால் முழுப் பரப்பே 1தான். ஆகவே சாய்வு √2-ஐ, அதாவது 1.414-ஐத் தாண்டாது. உ எப்சிலானை எட்டியதும் சாய்வு சரியாக √2 ஆகி, அப்படியே நேர்கோடாக ஏறும்.

இரண்டாம் வகைக்கெழுவுக்கு என்ன ஆகிறது? எப்சிலான் 0.01 என்றால் அதன் உச்சம் 150. எப்சிலான் 0.001 என்றால் 1500. ஆனால் அந்த உச்சம் நீடிக்கும் இடத்தைப் பாருங்கள். உ-வின் மதிப்பு எப்சிலானில் பத்தில் ஒரு பங்கிலிருந்து முழு எப்சிலானுக்கு ஏற எடுக்கும் தூரம் ஏறத்தாழ 1.12 × எப்சிலான். 0.01-க்கு அது 0.0112, 0.001-க்கு 0.00112. உயரம் பத்து மடங்கு கூடினால் அகலம் பத்து மடங்கு குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சாய்வில் ஏற்படும் மாற்றம், அது அப்படியே நிற்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: இதைவிட நல்ல வரம்பை எதிர்பார்க்க முடியாது. எப்சிலான் பூச்சியத்தை நெருங்கும்போது கிடைக்கும் எல்லைச் சார்பு, முனையில் மடிந்த கோடு, இடப்பக்கம் பூச்சியம், வலப்பக்கம் சாய்வு √2. மடிந்த கோட்டுக்கு லிப்ஷிட்ஸ் ஒழுங்குதான், அதாவது சாய்வுக்கு ஒரு வரம்பு இருப்பதுதான், உச்சம். இரண்டாம் வகைக்கெழுவைத் துரத்தி வாரக்கணக்கில் உழைக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அங்கே கிடைக்க ஒன்றும் இல்லை.

எப்சிலான் அளவுக்கு இறங்குங்கள்

பரிமாணம் கூடினால், மேலே செய்த பெருக்கித் தொகையிடும் உத்தி உதவாது. இனி மூன்று பரிமாணத்தில் வேலை செய்வோம், அதே பீட்டாவுடன். எப்சிலான் 1/8-க்குக் குறைவு என்று வையுங்கள்.

ஆரம் 3/4 உள்ள பந்துக்குள் ஒரு புள்ளியை எடுங்கள், அங்கே உ-வின் மதிப்பு எப்சிலானோ அதற்குக் குறைவோ. அந்தப் புள்ளியை மையமாக வைத்து நீளத்தை எப்சிலானால் வகுத்து, உ-வையும் எப்சிலானால் வகுங்கள். வரும் புதிய சார்பை வ என்போம். இரண்டு முறை வகையிடுவதால் எப்சிலான் வர்க்கம் பெருக்கலில் வரும். உ-வை வகுத்ததால் ஒன்று போகும், வலப்பக்கத்து 1/எப்சிலான் இன்னொன்றைத் தின்றுவிடும். மிச்சம்:

லாப்லாசியன்(வ) = பீட்டா(வ)

“அப்படின்னா எப்சிலான் எங்க போச்சு, அக்கா?” என்றான் தம்பி.

“பந்தோட ஆரத்துக்குள்ள போயிருச்சு. நீ எப்சிலான் அகலத்துக்கு இறங்கி நின்னு பார்க்கிற. அங்க நின்னா சமன்பாடு சாதுவா இருக்கு.”

இப்போது கையில் இருப்பவை: வ எதிர்மதிப்பு ஆகாது, மையத்தில் அதன் மதிப்பு 1-ஐத் தாண்டாது, லாப்லாசியன் 0-க்கும் 1.5-க்கும் இடையில். ஆரம் 2 உள்ள பந்தில் வ-வை இரண்டாகப் பிரியுங்கள். விளிம்பில் வ-வின் மதிப்பையே கொண்ட ஹார்மோனிக் சார்பு ஒன்று, அதை ஹ என்போம். மிச்சம் விளிம்பில் பூச்சியமான சார்பு, அதை மி என்போம்.

மி-யின் லாப்லாசியன் 0 முதல் 1.5 வரை. உச்சக் கொள்கையால் மி பூச்சியத்தைத் தாண்டாது. கீழ்ப்பக்கம் −(1/4)(4 − ஆரத்தின் வர்க்கம்) என்ற சார்பின் லாப்லாசியன் சரியாக 1.5 என்பதால் அது மி-க்கு அடியில் நிற்கும். (இங்கே ஆரம் என்பது மையத்திலிருந்து உள்ள தூரம்.) மையத்தில் அதன் மதிப்பு −1. ஆகவே மையத்தில் ஹ-வின் மதிப்பு அதிகபட்சம் 1 + 1 = 2.

ஹ எதிர்மதிப்பு ஆகாத ஹார்மோனிக் சார்பு. மூன்று பரிமாணத்தில் அப்படிப்பட்ட சார்பின் மையச் சாய்வு (3/ஆரம்) × மைய மதிப்பைத் தாண்டாது, சராசரிப் பண்பிலிருந்து நேராக வரும். இங்கே (3/2) × 2 = 3. மி-யின் மையச் சாய்வைக் கிரீன் சார்பை வைத்துக் கணக்கிட்டால் 1-க்குக் கீழே நிற்கும். ஆக, வ-வின் சாய்வு 4-க்குள். நீளத்தையும் மதிப்பையும் ஒரே எண்ணால் வகுத்ததால் உ-வின் சாய்வும் அதேதான்.

சரி, உ-வின் மதிப்பு எப்சிலானுக்கு உட்பட்ட இடமெல்லாம் முடிந்தது.

அங்கிருந்து வெளியே வாருங்கள்

மிச்சம் இருப்பது உ-வின் மதிப்பு எப்சிலானைத் தாண்டிய இடம். அங்கே வலப்பக்கம் பூச்சியம், உ ஹார்மோனிக். ‘ஹார்மோனிக் என்றால் சிக்கலே இல்லையே’ என்று அவசரப்படக்கூடாது. சுடர்த் தோலுக்கு மிக அருகில் நின்றால் ஹார்மோனிக் பந்தின் ஆரம் சிறியதாகிவிடும், 3/ஆரம் பெரியதாகிவிடும். நிரூபணத்தின் அழகான இடம் இதுதான்.

ஆரம் 1/2 உள்ள பந்துக்குள் அப்படி ஒரு புள்ளியை எடுத்து, உ எப்சிலானுக்குள் அடங்கும் பகுதிக்கு அங்கிருந்து உள்ள தூரத்தைத் த என்போம். த 1/4-ஓ அதற்கு மேலோ என்றால் கவலை இல்லை: சாய்வு 3 ÷ (1/4) = 12-க்குள்.

த அதைவிடச் சிறியது என்றால், அந்தப் புள்ளியைச் சுற்றி ஆரம் த உள்ள பந்து போடுங்கள். பந்துக்குள் உ − எப்சிலான் நேர்மதிப்புள்ள ஹார்மோனிக் சார்பு. பந்தின் விளிம்பில் ஒரு தொடுபுள்ளியில் அது பூச்சியமாகிறது. தொடுபுள்ளியில் உ சரியாக எப்சிலான் என்பதால் அங்கே சாய்வு 4-க்குள் என்று முந்தைய படியிலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தகவலை மையத்துக்குக் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

மையத்தில் உ − எப்சிலானின் மதிப்பைக் க என்போம். மூன்று பரிமாண ஹார்னாக் சமனின்மையின்படி, பாதி ஆரப் பந்துக்குள் எங்கும் அந்தச் சார்பு (2/9) × க-வுக்குக் குறையாது. இப்போது பாதி ஆரத்துக்கும் முழு ஆரத்துக்கும் இடைப்பட்ட ஓட்டில் ஒரு தடுப்புச் சார்பு கட்டுங்கள்: (2/9) × க × த × (1/ஆரம் − 1/த). இங்கேயும் ஆரம் என்பது மையத்திலிருந்து உள்ள தூரம். உள்விளிம்பில் மதிப்பு (2/9)க, வெளிவிளிம்பில் பூச்சியம், நடுவில் ஹார்மோனிக். உச்சக் கொள்கையால் நம் சார்பு இதற்கு மேலேயே நிற்கும். தொடுபுள்ளியில் இரண்டும் பூச்சியம். ஆகவே அங்கே நம் சார்பின் சாய்வு, தடுப்பின் சாய்வுக்குக் குறைய முடியாது. தடுப்பின் சாய்வு (2/9) × க/த.

ஆனால் தொடுபுள்ளியில் சாய்வு 4-ஐத் தாண்டாது. எனவே க அதிகபட்சம் 18 × த. மையச் சாய்வு (3/த) × க, அதாவது அதிகபட்சம் 54. த போய்விட்டது, எப்சிலானும் எங்கும் இல்லை.

54 ரொம்பத் தளர்வான எண்தான். அதை இறுக்க நினைத்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். எப்சிலான் 0.1-ஆக இருந்தாலும் கோடியில் ஒரு பங்காக இருந்தாலும் அதே 54 என்பதுதான் நமக்கு வேண்டியது. வரிசையையும் மாற்றாதீர்கள்: முதலில் தோலுக்குள் சாய்வு, பிறகு தொடுபுள்ளி வழியாக வெளியே. ஹார்மோனிக் பக்கத்திலிருந்து தொடங்கினால் தொடுபுள்ளியில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

நேரியல் அல்லாத சமன்பாட்டுக்கு மாற்றும்போது

இப்போது லாப்லாசியனுக்குப் பதில், இரண்டாம் வகைக்கெழு அணியின் நேரியல் அல்லாத எலிப்டிக் சார்பு ஒன்று. அதை எஃப் என்போம். பூச்சிய அணிக்கு அது பூச்சியம் தரட்டும், அதன் எலிப்டிக் மாறிலிகள், அதாவது அணி கூடும்போது எஃப் கூடும் வேகத்தின் கீழ், மேல் வரம்புகள், லாம்டாவும் பெரிய லாம்டாவுமாக இருக்கட்டும்.

அளவுமாற்றம் அப்படியே செல்லும். எஃப் கொஞ்சம் உருமாறி எப்சிலான் × எஃப்(அணி/எப்சிலான்) ஆகும். அதன் எலிப்டிக் மாறிலிகள் மாறுவதில்லை, இனி வரும் வரம்புகள் அவற்றை மட்டுமே நம்பியிருக்கின்றன. உடைந்து போவது ஹ + மி என்று பிரித்த இடம். நேரியல் இல்லாவிட்டால் தீர்வுகளைக் கூட்டிக் கழிக்க முடியாது. அதற்குப் பதில், வலப்பக்கம் வரம்புள்ள சமன்பாடுகளுக்கான கிரைலாவ்–சஃபோனவ் ஹார்னாக் சமனின்மையை நேராகப் பயன்படுத்துங்கள். மையத்தில் வ 1-க்குள் இருந்தால் அக்கம்பக்கத்திலும் வரம்புக்குள் இருக்கும். பிறகு உட்பகுதிச் சாய்வு மதிப்பீடு வேலையை முடித்துவிடும்.

தடுப்புச் சார்பும் மாறும். 1/ஆரம் போதாது, ஆரத்தின் பெரிய எதிர்ம அடுக்கு வேண்டும். எவ்வளவு பெரியது என்பதை இரண்டு லாம்டாக்களின் விகிதமும் பரிமாணமும் தீர்மானிக்கும், புச்சி (Pucci) ஆபரேட்டரில், அதாவது அந்த இரண்டு மாறிலிகளுக்குள் வரக்கூடிய மிக மோசமான எஃப்-இல், போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வழியை முழுமையாக எழுதியவர்கள் ரிக்கார்ட்டேயும் டெய்ஷெய்ராவும், 2011-இல்.

இங்கே பலர் 1982-இன் எவன்ஸ்–கிரைலாவ் தேற்றத்தை இழுத்து வருவார்கள். குழிவான எஃப்-க்கு இரண்டாம் வகைக்கெழுவின் ஒழுங்கைத் தரும் அருமையான தேற்றம். ஆனால் எப்சிலானைச் சாராத வரம்பு அதிலிருந்து வராது, வலப்பக்கமே எகிறுகிறதே. நிலையான ஓர் எப்சிலானுக்குத் தீர்வு எவ்வளவு மென்மையானது என்பதும், எல்லா எப்சிலானுக்கும் சேர்த்து எவ்வளவு மென்மை மிஞ்சும் என்பதும் வேறு வேறு கேள்விகள். உங்கள் ஆய்வேட்டில் இரண்டையும் தனித்தனிப் பகுதியாக வையுங்கள்.

எல்லை எடுக்கும்போது

சாய்வு வரம்பு கையில் இருந்தால் அர்செலா–அஸ்கோலி தேற்றம் ஒரு துணைத்தொடரைத் தரும். எல்லைச் சார்பும் லிப்ஷிட்ஸ். அது நேர்மதிப்புள்ள இடத்தில், சிறிய எப்சிலானுக்கு உ எப்சிலானைத் தாண்டியே இருக்கும் என்பதால், எல்லைச் சார்பு அங்கே லாப்லாசியன் கணக்கில் ஹார்மோனிக்.

அது நேர்மதிப்பிலிருந்து பூச்சியத்துக்கு மாறும் இடம்தான் கட்டற்ற விளிம்பு. அடுத்து பலரும் ‘கட்டற்ற விளிம்பில் சாய்வு √(2ம)’ என்று எழுதிவிடுவார்கள். இங்கே நின்று யோசியுங்கள். ஒரு பரிமாணத்துக்கே திரும்பிப் போய், உ பூச்சியத்தை நெருங்காமல் எப்சிலான்/2 வரை இறங்கி மீண்டும் ஏறும் தீர்வை எடுங்கள். அதே பீட்டாவுக்கு 0 முதல் 1/2 வரையுள்ள பரப்பு 3/4 − 1/4 = 1/2. வெளியே சாய்வின் வர்க்கம் 2 × (1 − 1/2) = 1. எல்லைச் சார்பு தூய தனிமதிப்புச் சார்பு, இருபக்கமும் சாய்வு 1. √2 இல்லை! திரும்பும் இடத்தை மாற்றினால் 0-க்கும் √2-க்கும் இடையில் எந்தச் சாய்வையும் வரவழைக்கலாம்.

ஆகவே லிப்ஷிட்ஸ் வரம்பு எல்லாத் தீர்வுகளுக்கும் உண்டு, √(2ம) நிபந்தனை எல்லாருக்கும் கிடையாது. அதற்குத் தீர்வு, சமன்பாட்டுக்குரிய ஆற்றலைச் சிறுமமாக்குவதாகவோ, அனைத்திலும் மிகச் சிறியதாகவோ இருக்க வேண்டும். அப்போது விளிம்பிலிருந்து விலக விலகத் தீர்வு குறைந்தது நேர்கோட்டு வேகத்திலாவது ஏறும் என்று தனியாக நிரூபிக்கலாம்.

சிறுமமாக்கும் தீர்வுகளின் கட்டற்ற விளிம்பைப் பற்றி 1981-இல் ஆல்ட்டும் கஃபரெல்லியும் எழுதியதுதான் அடித்தளம். இரண்டு பரிமாணத்தில் விளிம்பு முழுவதும் மென்மையானது. மூன்றுக்கு 2004-இல் கஃபரெல்லி, ஜெரிசன், கெனிக் மூவரும், நான்குக்கு 2015-இல் ஜெரிசனும் சாவினும் அதையே நிறுவினார்கள். ஏழு பரிமாணத்தில் கூர்முனையுள்ள சிறுமத் தீர்வு ஒன்றை டி சில்வாவும் ஜெரிசனும் 2009-இல் காட்டிவிட்டார்கள். கஃபரெல்லிக்கு 2023-இல் ஏபெல் பரிசு கிடைத்தபோது தம்பிக்கு முதலில் செய்தி அனுப்பியது நான்தான்.

நீங்களே போட்டுப் பார்க்க

லாப்லாசியனுக்குப் பதில் ப-லாப்லாசியனை எடுங்கள்: சாய்வின் அளவை (ப−2) அடுக்குக்கு உயர்த்தி, சாய்வால் பெருக்கி, டைவர்ஜென்ஸ் எடுப்பது. 2003-இல் டேனியெல்லி, பெட்ரோசியன், ஷாகோலியன் மூவரும் இதைச் செய்தார்கள். ஒரே எண்ணால் வகுக்கும் அளவுமாற்றத்தில் சாய்வு மாறாது என்பதால் ப எதுவானாலும் எப்சிலான் சுத்தமாக மறைந்துவிடும், அதை முதலில் சரிபாருங்கள். பிறகு ஒரு பரிமாணத்தில் பெருக்கித் தொகையிடுங்கள். இடப்பக்கம் ((ப−1)/ப) × சாய்வின் ப-ஆம் அடுக்கு வரும், வலப்பக்கம் பழைய பரப்பேதான். ப = 2 என்று வைத்தால் √(2ம) திரும்ப வர வேண்டும். ப = 3, ம = 1 என்றால் சாய்வு 1.5-இன் கனமூலம், அதாவது ஏறத்தாழ 1.145. வராவிட்டால், தொகையிடும்போது (ப−1) என்ற காரணி எங்கே விழுந்தது என்று தேடுங்கள்.